நாவுக்கு வைத்தியம்

கமிய் லோரானைக் கனடிய அரசியல்வாதி என்று யாராவது அறிமுகப்படுத்தியிருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். சத்தம் போடுவது அவர் வழக்கமில்லை. தணிந்த குரலில், சொற்களை இழுத்து, நோயாளி தானே தன் தவறைக் கண்டுகொள்ளட்டும் என்று காத்திருக்கும் மனநல மருத்துவரின் பொறுமையோடு, நான் கியூபெக்காரன் என்று திருத்தியிருப்பார். ஆனாலும் கடைப் பெயர்ப்பலகையிலிருந்து பள்ளிச் சேர்க்கைப் படிவம்வரை, அந்த நாட்டின் ஒரு பெரும் பகுதியில் அன்றாட வாழ்வை அவரளவுக்கு மாற்றிய மருத்துவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மருத்துவர்கள் அரசியலுக்கு வருவது கனடாவில் பழைய வழக்கம்தான். கனடிய மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவரான சார்ல்ஸ் டப்பர் 1896இல் பிரதமரானார். அறுபத்தொன்பதே நாள். அதைவிடக் குறைவான நாள் அந்த நாற்காலியில் இருந்தவர் இன்றுவரை இல்லை. டப்பர் மருத்துவராக இருந்ததற்கும் அவர் செய்த அரசியலுக்கும் பெரிய தொடர்பு எதையும் காண முடியாது. வக்கீலாக இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். லோரான் விஷயம் அப்படியல்ல. மருத்துவத்தை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனவராக அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை. நோயாளியை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அறுவை மருத்துவரிடம் கத்தி இருக்கிறது. இதய மருத்துவர் நோயாளி பேசும் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல், மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார். மனநல மருத்துவருக்கு, அதிலும் ஃப்ராய்டின் வழியில் வந்தவருக்கு, வந்தவர் வாயிலிருந்து விழும் சொல்தான் நாடி, அதுவேதான் எக்ஸ்ரே, மருந்தும் அதுதான். பேச வந்தவருக்குப் பேச்சு வரவில்லை என்றால் வைத்தியமே தொடங்காது. கியூபெக்கின் மொழிச் சட்டத்தை ஒரு மனநல மருத்துவர் எழுதினார் என்பதைப் பலரும் சுவையான தற்செயலாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் தற்செயல் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மான்ரியலுக்குக் கிழக்கே ஷார்ல்மாஞ் என்ற சிற்றூரில் 1922இல் பிறந்தவர். (பின்னாளில் அதே ஊர் செலின் டியோனையும் பெற்றது. ஊர்க்காரர்களுக்கு எந்தப் பெயர் முதலில் வாயில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.) அவர் மருத்துவம் படித்த காலத்து மான்ரியலில் பெரும்பான்மையோர் பேசியது பிரெஞ்சு. பணம் பேசியது ஆங்கிலம். தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் பிரெஞ்சுக்காரன், மேற்பார்வை பார்க்கிறவன் ஆங்கிலேயன். நகரின் பெரிய கடைகளில் விற்பனைப் பெண் ஆங்கிலத்தில்தான் கேட்பாள்; வாங்க வந்தவர் தன் சொந்த ஊரில் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பொது இடத்தில் பிரெஞ்சில் பேசினால் ‘வெள்ளைக்காரன் மாதிரிப் பேசு’ என்று அதட்டுவதும் உண்டு. கூட்டாட்சி அரசு அமைத்த இருமொழி ஆணையம் 1961ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, கியூபெக்கில் வாழ்ந்த பதினான்கு இனக் குழுக்களில் வருமானத்தில் பிரெஞ்சுக் கனடியர் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தார்கள். சொந்த மாகாணத்தில், ஐந்தில் நான்கு பங்கு மக்களாக இருந்துகொண்டு. ‘சின்ன ரொட்டிக்காகப் பிறந்தவர்கள் நாம்’ என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்வது. ஆசைப்படாதே, நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று பொருள்.

இந்தச் சொலவடையைக் கேட்கும் பொருளாதார அறிஞருக்குக் கூலி விகிதம் நினைவுக்கு வரும். லோரானுக்கு அதில் ஒரு நோய்க்குறி கேட்டது.

பாஸ்டனிலும் பாரிஸிலும் மேற்படிப்பு முடித்து ஐம்பதுகளில் ஊர் திரும்பியவர் கண்டது கன்னியாஸ்திரீகளின் கையிலிருந்த மனநல விடுதிகளை. மான்ரியலின் சென் ழான் த தியூ மருத்துவமனையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைந்து கிடந்தார்கள். கியூபெக்கின் பெரும் கவிஞன் எமீல் நெலிகன் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1941இல் இறந்ததும் அங்கேதான். அங்கிருந்து வெளியே வந்த ழான் ஷார்ல் பாழே என்ற முன்னாள் நோயாளி, உள்ளே நடந்ததை எழுதி 1961இல் ஒரு புத்தகமாக்கினார். பைத்தியங்கள் உதவி கேட்டுக் கதறுகிறார்கள் என்பது தலைப்பின் பொருள். விடுதியிலிருந்து வந்தவன் சொல்வதை யார் நம்புவார்கள்? அந்தப் புத்தகத்துக்குப் பின்னுரை எழுதிக் கையெழுத்திட்டார் டாக்டர் லோரான். இவன் சொல்வது உண்மை என்று ஒரு மருத்துவர் சாட்சி சொன்னதும் அரசால் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. மூன்று மனநல மருத்துவர்களைக் கொண்ட பெதார் ஆணையம் அமைக்கப்பட்டது. உள்ளே இருப்பவர்களில் பலரும் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று அது 1962இல் அறிக்கை கொடுத்தது. கதவுகள் மெல்லத் திறக்கத் தொடங்கின.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இந்தப் பின்னுரைதான். யாருடைய பேச்சுக்கு மதிப்பில்லையோ அவனுடைய பேச்சுக்குப் பின்னால் போய் நின்றது. பிறகு அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாவற்றையும் இதை வைத்தே அளக்கத் தோன்றுகிறது. சில இடங்களில் அளவு குறைகிறது.

அதே காலத்தில், அதே நகரத்தில், மலைச்சரிவிலிருந்த ஆலன் நினைவு நிறுவனத்தில் ஈவென் கேமரன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர் நோயாளிகளை நாள்கணக்கில் மருந்தால் உறங்கவைத்து, ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பழைய மனத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்பது அவர் கணக்கு. அமெரிக்க உளவுத்துறையின் பணமும் அதில் இருந்தது பின்னாளில்தான் வெளியே வந்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் பொதுநிதி அனாதை விடுதியைவிட மருத்துவமனைக்கு அதிகம் கிடைத்தது என்பதற்காக, நல்ல மனநிலையில் இருந்த ஆயிரக்கணக்கான அனாதைக் குழந்தைகளுக்கு ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று சீட்டெழுதி விடுதியில் போட்டிருந்தார்கள். நோய்க்குப் பெயர் வைக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தத் தலைமுறை மான்ரியல் மருத்துவர்களுக்கு யாரும் பாடமாக எடுக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் கண்முன்னேயே நடந்துகொண்டிருந்தது.

லோரானின் பிடிவாதம் முதலில் வெளிப்பட்டது அரசியலில் அல்ல, அல்பேர் ப்ரேவோ மனநல நிறுவனத்தில். அங்கே அவர் அறிவியல் இயக்குநர். அதைப் பல பத்தாண்டுகளாகக் கட்டி வளர்த்தவர் ஷார்லோத் தாஸே என்ற செவிலியர். நிறுவனம் யார் சொல்படி நடப்பது என்று மருத்துவர்களுக்கும் அவருக்கும் மோதல் முற்றி, அரசு தலையிட்டு, விசாரணை ஆணையம்வரை போனது. மருத்துவர்கள் ஜெயித்தார்கள். தாஸே வெளியேறினார். நவீன மனநல மருத்துவத்தின் வெற்றியாகத்தான் வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. அப்படியே இருக்கவும் கூடும். வாழ்நாளைக் கொடுத்து வளர்த்த இடத்திலிருந்து வெளியேறிய அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி மட்டும் எனக்கு ஓய்வதில்லை. சரியான பக்கத்தில் நிற்கிறோம் என்ற உறுதி உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை.

1968இல் ரெனே லெவெக்கின் தலைமையில் தனிநாடு கேட்கும் பார்ட்டி கெபெகுவா பிறந்தபோது லோரானும் அதில் இருந்தார். 1970 தேர்தலில் கட்சிக்கு நூற்றுக்கு இருபத்துமூன்று ஓட்டும் ஏழே ஏழு இடங்களும் கிடைத்தன. லெவெக் தன் தொகுதியிலேயே தோற்றார். கிழக்கு மான்ரியலின் பூர்ழே தொகுதியில் ஜெயித்த லோரான் சட்டமன்றக் குழுவின் தலைவரானார். அந்த அக்டோபரில் தீவிரவாதிகள் அமைச்சர் பியேர் லபோர்த்தைக் கடத்திக் கொன்றார்கள். ஒட்டாவாவின் கூட்டாட்சி அரசு போர்க்காலச் சட்டத்தைக் கொண்டுவந்து, தெருவில் ராணுவத்தை இறக்கி, ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் பிடித்து உள்ளே வைத்தது. தனிநாடு என்று வாய் திறந்தவன் எவனும் கொலைகாரனாகப் பார்க்கப்பட்ட அந்த வாரங்களில் சட்டமன்றத்தில் கட்சிக்காகப் பேச வேண்டியவர் இவர். 1973இல் தோற்றார். 1976 நவம்பர் 15இல் கட்சியே ஆட்சியைப் பிடித்தது.

லெவெக் அவரைப் பண்பாட்டு வளர்ச்சிக்கான அமைச்சராக்கினார். மொழிச் சட்டம் அவர் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மொழிச் சட்டம் கியூபெக்கில் அதற்கு முன்பே உண்டு. சென் லெயோனார் என்ற பகுதியில் இத்தாலியக் குடியேறிகளின் குழந்தைகள் எந்தப் பள்ளிக்குப் போவது என்ற தகராறு 1969இல் கலவரமானது. அதன் பிறகு வந்த சட்டம் பெற்றோர் இஷ்டம் என்றது. ஆகவே வந்தவர்கள் ஆங்கிலப் பள்ளியைத் தேர்ந்தார்கள். 1974இல் மாகாண முதல்வர் ரொபேர் பூராசா பிரெஞ்சை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலப் பள்ளியில் சேர விரும்பும் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலத் தேர்வு வைத்தார். இரு தரப்பும் சேர்ந்து திட்டியது. எழுபதுகளின் நடுவில் குடியேறிகளின் குழந்தைகளில் பத்தில் எட்டுக்கு மேல் ஆங்கிலப் பள்ளியில். பிரெஞ்சுக் குடும்பங்களிலோ, ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு பெற்ற இடத்தில், ஒன்றோ இரண்டோ. கணக்குத் தெரிந்த எவருக்கும் மான்ரியல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விளங்கியது.

கணக்கு மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் அதற்கு ஒரு பள்ளிக்கல்வி விதி போதும். லோரான் அதில் நிற்கவில்லை. கீ ரோஷே, ஃபெர்னான் துமோன் என்ற இரு சமூகவியலாளர்களை அருகில் வைத்துக்கொண்டு 1977 ஏப்ரலில் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அம்மாதமே சட்ட வரைவு வந்தது. புதிய அரசின் முதல் எண்ணையே அதற்கு வைத்தார்கள். எதிர்க்கட்சியின் இழுத்தடிப்பைத் தாண்டுவதற்காக அதைத் திரும்பப் பெற்று, 101 என்ற எண்ணில் மீண்டும் கொண்டுவந்து, ஆகஸ்ட் 26இல் நிறைவேற்றினார்கள். சட்டம் என்று சொல்லாமல் பிரெஞ்சு மொழியின் சாசனம் என்று பெயரிட்டதிலேயே நோக்கம் தெரிகிறது. அதன் தொடக்கத்தில் அபராதங்கள் இல்லை, உரிமைகள் இருக்கின்றன. தொழிலாளி பிரெஞ்சில் வேலை செய்யும் உரிமை. கடைக்குப் போகிறவர் பிரெஞ்சில் பதில் பெறும் உரிமை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் உள்ளே புழங்கும் மொழியைப் பிரெஞ்சாக்கிச் சான்றிதழ் பெற வேண்டும். பெயர்ப்பலகையில் பிரெஞ்சு மட்டும். கியூபெக்கில் ஆங்கிலத்தில் தொடக்கக் கல்வி பெற்ற தாயோ தந்தையோ இருக்கும் குழந்தைக்கு மட்டுமே ஆங்கிலப் பொதுப்பள்ளி. மற்ற எல்லாருக்கும் பிரெஞ்சு. ஈட்டன்ஸ் என்ற மாபெரும் கடை தன் பெயரின் வால் எழுத்தை இழந்து ஈட்டன் ஆயிற்று.

கடைப் பெண்ணிடம் திக்கி நின்ற அந்த மனிதரை நினைத்துக்கொண்டு இந்தப் பிரிவுகளைப் படித்தால் சிகிச்சைச் சீட்டைப் படிப்பது போலவே இருக்கிறது. அப்படித்தான் லோரானும் நினைத்தார், அதை மறைக்கவுமில்லை. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தாழ்வாக நினைத்துப் பழகிவிட்டது, அதிர்ச்சி இல்லாமல் அது எழாது என்பது அவர் நோய்நிர்ணயம். அவரைத் திட்டியவர்களின் கோபத்தையும் சிகிச்சையின் ஒரு கட்டமாகவே எடுத்துக்கொண்டார் போலும். அறைக்குள் நோயாளி கத்துவதைக் கேட்டுப் பழகியவருக்கு வெளியே ஊர் கத்துவது பெரிதாகத் தெரியவில்லை.

லெவெக்குக்கு இதெல்லாம் சங்கடமாக இருந்தது. பத்திரிகையாளர், கோபக்காரர், தன் மக்களைப் பற்றி இவ்வளவு இருண்ட கருத்து இல்லாதவர். தாய்மொழிக்குச் சட்டம் போட்டுக் காவல் வைக்க வேண்டியிருப்பதே ஓர் அவமானம் என்று அவர் நினைத்தார். காலனிய நிலையில் கிடக்கும் சமூகத்துக்கு மட்டுமே தேவைப்படும் பொய்க்கால் என்பது அவர் பார்வை. மற்ற மாகாணங்களிலிருந்து வரும் ஆங்கிலக் குழந்தைகளுக்கு விதியைத் தளர்த்தலாம் என்றும் வாதாடினார். அமைச்சரவையில் தலைவரின் தயக்கத்தை மருத்துவரின் நிதானம் வென்றது. 1984இல் உச்சநீதிமன்றம் தலைவர் சொன்ன பக்கமே தீர்ப்புச் சொன்னது வேறு கதை.

மருந்து, பொய்க்கால். இந்த இரண்டு உருவகங்களுக்கும் இடையில்தான் ஐம்பது ஆண்டுகளாக அந்த மாகாணம் நடந்துகொண்டிருக்கிறது. மருந்தென்றால் குணமானதும் நிறுத்த வேண்டும். பொய்க்காலைக் கழற்றினால் விழுந்துவிடுவோம். 1988இல் உச்சநீதிமன்றம் பலகை விதியைத் தள்ளுபடி செய்தது. அரசு அரசியலமைப்பில் இருந்த விலக்குப் பிரிவைக் காட்டி விதியை மீட்டது. 1993இல் பிரெஞ்சு பெரிதாக இருந்தால் போதும் என்று தளர்த்தியது. 2013இல் ஓர் இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் ‘பாஸ்தா’ என்று இருந்ததற்கு மொழி அலுவலகம் ஆட்சேபித்து உலகமே சிரித்தது. 2022இல் சட்டத்தை மறுபடி இறுக்கினார்கள். லோரான் இருந்திருந்தால் சிகிச்சை முடியவில்லை என்பாரா, சிகிச்சையே பழக்கமாகிவிட்டது என்பாரா? மனப்பகுப்பாய்வு படித்தவருக்கு இரண்டாவது சாத்தியமும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

பலன் இல்லாமல் இல்லை. இன்று குடியேறிகளின் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறார்கள். கடைப் பெண் பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறாள். மேலாளரும் பிரெஞ்சுக்காரர். சின்ன ரொட்டிச் சொலவடையை இப்போது பழைய படங்களில் கேட்கலாம். சட்டத்தைப் பழித்தவர்கள் எவ்வளவு பழித்தாலும் இதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கவிளைவுகளின் பட்டியலும் நீளம். 1978 ஜனவரியில் சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தலைமையகத்தை டொரன்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. லட்சத்துக்கு மேற்பட்ட ஆங்கிலம் பேசுவோர் சில ஆண்டுகளில் மாகாணத்தை விட்டுப் போனார்கள். மேல்தட்டு முதலாளிகள் போனதைப் பற்றி அதிகம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் போனவர்களில் மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருந்த ஆசிரியரும் தபால்காரரும் இருந்தார்கள். அவர்களும் மான்ரியல்காரர்கள்தான். பாழே என்ற நோயாளியின் குரலுக்குக் காது கொடுத்தவர், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரின் முனகலைச் சிகிச்சைக்கு இடைஞ்சலாக மட்டும் கேட்டார் என்பது என் புகார். ஒரு மக்களினமே நோயாளி என்று முடிவுகட்டிவிட்டால், அதைச் சேராதவர்கள் யார்? நோயின் காரணமா? மருத்துவமனைத் தளவாடமா?

தமிழ் வாசகருக்கு இங்கே நெஞ்சு இரண்டாகப் பிளக்கும். கியூபெக்காரரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது சுலபம். வடக்கிலிருந்து வரும் பெரிய மொழி, நம் ஊர்க் கல்லூரிகளில் நம் மொழிக்கு இல்லாத இருக்கை, எல்லாம் பழகிய கதை. ஆனால் பெரும்பான்மையின் மொழியைச் சட்டமாக்கி 1956இல் ஓர் இலங்கை அரசு செய்ததும் நமக்குத் தெரியும். அங்கேயும் பெரும்பான்மை தன்னைக் காயம்பட்டதாகவே நினைத்தது. அந்தச் சட்டத்திலிருந்து வளர்ந்த நெருப்புக்குத் தப்பி எண்பதுகளில் ஓடிவந்தவர்களில் ஒரு பகுதி மான்ரியலுக்கு வந்து சேர்ந்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தபோது மீனவர்கள் கண்டெடுத்தவர்களிலும் பலர் அங்கே வந்தார்கள். ஒரு மொழிச் சட்டத்துக்குத் தப்பி இன்னொரு மொழிச் சட்டத்துக்குள். இரண்டும் ஒன்றல்ல. கியூபெக்கின் சட்டம் ஆங்கிலப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் தொடாமல் விட்டது. ஒரு கண்டம் முழுவதும் ஆங்கிலம் சூழ்ந்திருக்க அது எழுதப்பட்டது. இருந்தாலும் வந்திறங்கிய நம்மவர் பலர் கொஞ்ச காலத்தில் பெட்டி கட்டி டொரன்டோவுக்குக் கிளம்பியதற்குக் குளிரைக் காரணமாகச் சொல்ல முடியாது. இரண்டு ஊரிலும் குளிர்தான்.

லோரானின் மிச்ச வாழ்க்கையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1980 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் தனிநாட்டுக்கான பேச்சுவார்த்தைக்கே மக்கள் வேண்டாம் என்றார்கள், ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது. நோயாளி குணமாகவில்லை என்றோ, நோயாளிக்கு இப்படி ஒரு நோயே இருந்ததில்லை என்றோ, எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். கல்வி அமைச்சராகப் பள்ளி வாரியங்களைச் சமய அடிப்படையிலிருந்து மாற்ற முயன்றார், முடியவில்லை. 1984இல் லெவெக் தனிநாட்டுக் கோரிக்கையை ஒத்திவைத்து ஒட்டாவாவோடு ஒத்துப்போகத் துணிந்தபோது பதவி விலகியவர்களில் இவரும் ஒருவர். உடன் விலகியவர்களில் தெனி லஸூர், பெதார் ஆணையத்தின் மூவரில் ஒருவராக இருந்த மனநல மருத்துவர். பிறகு லோரான் மருத்துவத்துக்கே திரும்பினார். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்து பேச, இவர் கேட்கும் பழைய வேலை. 1994இல் மீண்டும் பூர்ழேயில் ஜெயித்து, மறு ஆண்டின் இரண்டாம் வாக்கெடுப்பு நூற்றுக்கு அரைப் புள்ளிச் சொச்சத்தில் கைவிட்டுப் போவதையும் பார்த்தார். 1999 மார்ச்சில் இறந்தார்.

அவர் சாசனத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. மருத்துவர், செவிலியர், வக்கீல் என்று உரிமம் பெற்றுத் தொழில் நடத்தும் எவருக்கும் போதிய பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் உரிமம் கிடையாது. ஒரு மருத்துவர் மருத்துவர்களுக்கு எழுதிய விதி. வலியைச் சொல்ல வருகிறவர் தன் மொழியில் சொல்லலாம், கேட்பவர்தான் மொழி கற்றுவர வேண்டும் என்பது அதன் உட்பொருள். மான்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கிளினிக்குகளில் காத்திருக்கும் வரிசையில் யாழ்ப்பாணத்து அம்மம்மாக்களைப் பார்க்கலாம், பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு பேத்தி. மருத்துவர் பிரெஞ்சில் கேட்பார். அம்மம்மா ‘நெஞ்சுக்கை ஒரு மாதிரிக் கிடக்குது பிள்ளை’ என்பார். வலியா, பாரமா, பயமா, பழைய நினைவா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே ‘101இன் பிள்ளைகள்’ என்று பெயர் பெற்ற தலைமுறைக்கும் அடுத்த தலைமுறை இந்தப் பேத்தி; பிரெஞ்சில் இலக்கணப் பிழை வராது. அம்மம்மாவின் முகத்தையும் மருத்துவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, அந்த ‘ஒரு மாதிரி’க்கு என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருப்பாள்.